ஒன்பது பேருக்கு ஒரே முகவரி

எங்கள் தெருவில் என் வேலையைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. நான் வீட்டிலிருந்தபடியே ஏதோ பெரிய கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறேன் என்பது ஒன்று. வேலை எதுவும் கிடைக்காததால் அப்படிச் சொல்லிக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது இன்னொன்று. ஆடி மாதம் வந்தால் நானே இரண்டாவது கட்சியில் சேர்ந்துவிடுவேன். அந்த மாதத்தில் நான் செய்வது வேலையா வேறு ஏதாவதா என்று எனக்கே தெரியாது.

கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் ஈமெயில்களை எழுதி, படம் வைத்து அலங்கரித்து, யாருக்கு எப்போது போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவதுதான் என் பிழைப்பு. 'உங்களுக்காக மட்டும்', 'இன்றே கடைசி நாள்' என்றெல்லாம் வருமே, நீங்கள் திறக்காமலேயே தள்ளிவிடுவீர்களே, அதில் கொஞ்சம் என் கைவரிசையாக இருக்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் திறக்காமலே அழித்தார்கள் என்பது எனக்கு மறுநாளே தெரிந்துவிடும். அதற்குமேல் உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அப்போது என்னிடம் நான்கு பேர் இருந்தார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடை, செங்கல்பட்டில் ஒரு பல் கிளினிக், சென்னையிலிருந்து மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி என்று ஆன்லைனில் அரிசி விற்கும் ஒருவர், போட்டித் தேர்வுக்கு வகுப்பு நடத்தும் ஒரு கோச்சிங் சென்டர். நான்கு பேருக்கும் நான்கு பட்டியல். ஒவ்வொரு பட்டியலுக்குள்ளும் புதிதாக வந்தவர்கள், பழையவர்கள், வாங்கிப் பல நாள் ஆனவர்கள், ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஓடியவர்கள் என்று நான்கைந்து பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு தலைப்பு, வேறு நேரம். புடவைக்காரர்களுக்குக் காலை பதினொன்றரைக்கு அனுப்ப வேண்டும், சமையல் முடிந்து உட்காரும் நேரம். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அதிகாலையில் அனுப்ப வேண்டும், குற்ற உணர்ச்சியோடு எழுந்திருக்கும் நேரம். இதையெல்லாம் பீரோக் கதவில் நான்கு நிறக் காகிதங்களில் எழுதி ஒட்டியிருந்தேன். ஃபேன் காற்றில் பச்சைக் காகிதங்கள் கழன்று விழுந்தால் அம்மா எடுத்து மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவார். அவரைப் பொறுத்தவரை எல்லாம் காகிதம்தான்.

குழப்பத்துக்கு அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு முதலாளிகளுக்கு நான்கு குரலில் பேச வேண்டும் என்பதுதான் உண்மையான தொல்லை. புடவைக் கடை குழைந்து பேசும். கோச்சிங் சென்டர் மிரட்டும். பல் கிளினிக் ஆறுதல் சொல்லும். அரிசிக்காரர் பாட்டன் பூட்டன் என்று ஆரம்பிப்பார். ஒரே நாளில் நான்கையும் எழுதினால் சாயங்காலம் அம்மாவிடமே எந்தக் குரலில் பேசுவது என்று தெரியாது. ஒருமுறை காபி கேட்டபோது "இந்த வாய்ப்பைத் தவறவிடாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அரிசிக்காரர் போன் பண்ணினார். எடுத்ததுமே கத்தாமல் நிதானமாகப் பேசினார், அதிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது. அவருடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும், அவருடைய பெயரிலேயே, காலையில் ஒரு மெயில் போயிருக்கிறது. 'பல் உடைந்துவிட்டதா? கவலை வேண்டாம், நாங்கள் இருக்கிறோம்.'

"என் அரிசில கல்லு கீதுன்னு நானே ஊரைக் கூட்டி சொல்லிக்கிற மாதிரி கீதே மேடம்" என்றார்.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு சிரிப்பு போய் அழுகை வந்தது. அரிசிக்கு எழுதியது அப்படியானால் எங்கே போனது? பல் வலிக்காரர்களுக்கா? புடவைக்கு எழுதியது புடவைக்குத்தான் போனதா? கம்ப்யூட்டரில் நான்கு ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எது சரி எது தப்பு என்பதே பிடிபடவில்லை. கடைசியில், நான் எனக்கே அனுப்பிப் பார்த்த சோதனை மெயில்களை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிடலாம் என்று தோன்றியது.

இதை விளக்க வேண்டும். எந்தப் பிரச்சார மெயிலையும் வெளியே விடுவதற்கு முன் என் சொந்த முகவரிக்கு ஒன்று அனுப்பிப் பார்ப்பேன். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு முப்பது நாற்பது வந்து குவியும். அது இடைஞ்சலாக இருந்ததால், நாலாவது ஆள் வந்து சேர்ந்த மார்கழியில், ஒரு ஏற்பாடு செய்தேன். அடியில் 'இனி எங்கள் மெயில் வேண்டாம் என்றால் இங்கே அழுத்தவும்' என்ற வரி இருக்கும் எந்த மெயிலும் என் கண்ணில் படாமல் 'டெஸ்ட்' என்ற பெட்டிக்குத் தானாகப் போய்விடும். மொத்தமாக அனுப்பப்படும் மெயில் எல்லாவற்றிலும் அந்த வரி இருக்கும் என்பதால் அந்த ஏற்பாடு எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

அந்தப் பெட்டியைத்தான் அன்று கிளறினேன். புடவை, பல், புடவை, அரிசி, தேர்வு, தேர்வு, பல். நடுவில் ஒன்று எதிலும் சேராமல் நின்றது. செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள் வந்திருந்தது.

'அன்புள்ள விண்ணப்பதாரரே, வார்டு உதவியாளர் பணிக்கு நீங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும். வராதவர்களின் இடம் அடுத்தவருக்கு வழங்கப்படும்.' கீழே ஒரு விண்ணப்ப எண். பெயர் இல்லை. அதற்கும் கீழே, 'இனி எங்கள் மெயில் வேண்டாம் என்றால்.'

நான் யாருடைய ஆஸ்பத்திரிக்கும் விண்ணப்பம் போடவில்லை. யாருக்கு வந்தது இது?

புரிய ஒரு நிமிடம் பிடித்தது. இந்த வேலைக்கு முழுநேரமாக வருவதற்கு முன் நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு வருடம் இருந்தேன். ஜெராக்ஸ், பட்டா நகல், ஆன்லைன் விண்ணப்பம். எந்த விண்ணப்பத்திலும் ஈமெயில் என்ற இடத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும், நிரப்பாமல் விடாது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஈமெயில் கிடையாது. புதிதாகத் திறந்து கொடுத்தால் கடவுச்சொல்லை அடுத்த வாரமே மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். அதனால் சென்டர்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார், "உன்னுதையே போட்டுடு." நானும் போட்டேன். எங்கள் பக்கத்துச் சென்டர்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் நடக்கும். யாருக்கு என்ன வந்தாலும் என் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பெருமை கூட இருந்தது. "ஏதாச்சும் வந்தா சொல்றேன்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கு இல்லை. கார்த்திகைக் கடைசியில் அங்கிருந்து நின்றுவிட்டேன். நின்றபோது அந்தச் சொன்ன சொல்லும் அங்கேயே நின்றுவிட்டது போல.

போன ஐப்பசியில் அந்த ஆஸ்பத்திரி வேலைக்கு ஒன்பது பெண்கள் என்னிடம் விண்ணப்பம் போட்டார்கள். அது மட்டும் நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் அவர்கள் எண்களை என் போனில் 'ஆஸ்பத்திரி 1' முதல் 'ஆஸ்பத்திரி 9' வரை என்று பதிந்து வைத்திருந்தேன். பெயர் போட்டுப் பதிந்திருந்தால் என்ன கேடு வந்திருக்கும் என்று இப்போது கேட்கிறீர்கள். நானும் அதைத்தான் அன்று கேட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். பாட்டு கேட்டது. மறுபடியும் செய்தேன். ஒரு பெண் எடுத்து, வந்த மெயிலுக்கே பதில் அனுப்பச் சொன்னாள். இந்த மெயிலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று மெயிலிலேயே போட்டிருக்கிறது என்றேன். அப்படியானால் இணையதளத்தில் பார்க்கச் சொன்னாள். இணையதளம் விண்ணப்ப எண்ணோடு பிறந்த தேதியையும் கேட்டது. யாருடைய பிறந்த தேதி? அதுதானே என் கேள்வி. இதற்கிடையில் பல் கிளினிக்கிலிருந்து போன், தங்கள் நோயாளிகளுக்குக் கறுப்புக் கவுனி சலுகை போயிருப்பதாக. சரி சரி என்று சொல்லி வைத்தேன். புதன்கிழமை ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. இந்த ஒன்பது பேரில் ஒருத்தியின் வேலை என் பெட்டிக்குள் கிடக்கிறது, அது யாருடையது என்று தெரியவில்லை. ஆயிரக்கணக்கான பேரை வகைவாரியாகப் பிரித்து மெயில் அனுப்புகிறவள், ஒன்பது பேரில் ஒருத்தியைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் செய்ததுதான் தப்பு. என் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. நாற்பதாயிரம் பேருக்குப் போகிற மெயிலாக இருந்தாலும் ஒரே ஒருவரிடம் பேசுவது போல எழுத வேண்டும். படிக்கிற ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் வந்ததாக நினைக்க வேண்டும். விரல்களுக்கு அது பழகிப்போயிருந்தது. ஒன்பது எண்களுக்கும் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: 'வணக்கம். நீங்கள் விண்ணப்பித்த ஆஸ்பத்திரி வேலைக்கு உங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. சான்றிதழ்கள், விண்ணப்ப ஸ்லிப்புடன் நாளைக் காலை என் வீட்டுக்கு வரவும்.' 'உங்கள் ஒன்பது பேரில் ஒருவருக்கு' என்று எழுத வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு எண்களுக்கு இரண்டு டிக் விழுந்தது. மூன்றுக்கு ஒன்றுதான். நான் நிம்மதியாக அரிசிக்காரருக்கு மன்னிப்பு மெயில் எழுத உட்கார்ந்தேன்.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு கேட்டுக்கு வெளியே ஆறு பெண்கள் நின்றார்கள். ஏரிக்கு அந்தப் பக்கக் காலனியிலிருந்து நான்கு பேர், பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பேர். எல்லோரும் குளித்து, பூ வைத்து, நல்ல புடவை கட்டியிருந்தார்கள். தனக்கு வந்தது என்று ஒவ்வொருத்தியும் நினைத்து வந்து, வழியில் மற்றவளைப் பார்த்து, உனக்குமா எனக்குந்தான் என்று சந்தோஷப்பட்டு, ஒன்றாகவே வந்திருக்கிறார்கள். ஆறு பேருக்கும் சேர்ந்தே கிடைத்துவிட்டது என்று முடிவு செய்திருந்தார்கள். யார் யார் எந்த பஸ்ஸில் போவது என்றுகூடப் பேசி வைத்திருந்தார்கள்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. நான்கு குரல்களில் எந்தக் குரலும் அதற்கு உதவவில்லை. அழைப்பு ஒன்றுதான், யாருக்கு என்று தெரியவில்லை, அதற்காகத்தான் கூப்பிட்டேன், எழுதினதில் தப்பு நடந்துவிட்டது. ஒருத்தி தலையிலிருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அம்மா உள்ளேயிருந்து அவர்களுக்கு டீ கொண்டுவந்தார். பேப்பர் கப்பில் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் டம்ளருக்குப் பஞ்சமில்லை. இதை நான் கவனித்தேன், அவர்களும் கவனித்தார்கள், அம்மா மட்டும் கவனிக்காதது போல உள்ளே போய்விட்டார். அந்த நேரத்தில் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

ஸ்லிப்புகளை வாங்கிப் பார்த்தேன். ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆறில் எதிலும் அந்த எண் இல்லை. பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று ஆறையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்த ஆறு பேரில் மூத்தவர் ஒரு அக்கா. நாற்பது வயது இருக்கும். ரைஸ் மில் களத்தில் நெல் காயவைக்கும் வேலை. புருஷன் விட்டுப்போய் ஐந்து வருடம், பத்தாவது படிக்கும் ஒரு மகள். வேறு யாரும் எதுவும் கேட்காதபோது அவர்தான் அந்த மெயிலின் எண்ணைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார்.

"என்னுது முடியறது நானூத்திப் பதினேழு. இது நானூத்திப் பதினெட்டு. அன்னிக்கி எனக்கு அப்புறம் நீ யாருக்குப் போட்ட பாப்பா?"

எனக்கு எங்கே நினைவிருக்கிறது. அவருக்கு இருந்தது. அன்று வரிசையில் தனக்குப் பின்னால் யார் நின்றார்கள், அவர்களில் யார் கையில் குழந்தை இருந்தது, யார் போட்டோ எடுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள் என்று சென்டர் வாசலையே எனக்குத் திரும்ப நிற்கவைத்துக் காட்டினார். அவருக்கு அடுத்து உட்கார்ந்தது அவருடைய பக்கத்துத் தெருப் பெண். கைக்குழந்தைக்காரி. மெசேஜ் போய்ச் சேராத மூன்று பேரில் ஒருத்தி. சிம் மாற்றி நான்கு மாதம் ஆகிறதாம். இப்போது கடலை பிடுங்கப் போயிருக்கிறாள், எந்தக் கடலைக் கொல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

என் ஸ்கூட்டியின் பின்னால் அவரை உட்கார வைத்துக்கொண்டு போனேன். வரப்பில் நின்று அவர்தான் கூப்பிட்டார். அந்தப் பெண் மண் கையோடு வந்து நின்றாள். அவளுடைய பிறந்த தேதியைக் கேட்டு என் போனில் போட்டுப் பார்த்தேன். இணையதளம் திறந்து அவள் பெயரைக் காட்டியது. அவள் அழுதுவிட்டாள். பக்கத்தில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த அக்கா மட்டும், அசல் டிசி எங்கே இருக்கிறது, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள், ஆறே கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஆகும் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது மில் பக்கம் இறக்கிவிடச் சொன்னார். நேற்று மெசேஜைப் பார்த்ததும் இனி வர மாட்டேன் என்று மில்லில் சொல்லிவிட்டாராம். இப்போது மறுபடி போய்க் கேட்க வேண்டும்.

"சேத்துக்குவாங்க. ஆள் கிடைக்காத நேரம்" என்றார். இறங்கி, புடவையைச் சரி செய்துகொண்டு, கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "எனக்கு எப்பனா வந்தா சொல்லுவ இல்ல?"

சொல்கிறேன் என்றேன்.

அன்று மத்தியானம் அந்த நால்வரின் குழப்பத்தையும் ஒருவழியாகத் தீர்த்தேன். அரிசியின் பச்சையும் பல்லின் மஞ்சளும் மாறியிருந்தது, அவ்வளவுதான். அரிசிக்காரர் கூட இறங்கி வந்துவிட்டார். அந்தத் தெம்பில், படம் எடுத்து வைத்த ஆறு ஸ்லிப் எண்களையும் 'டெஸ்ட்' பெட்டியில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். காலையிலேயே செய்திருக்கலாம், ஒரு எண்ணைத் தேடும் பதற்றத்தில் மற்ற எண்களுக்கும் ஏதாவது வந்திருக்கும் என்பது புத்தியில் ஏறவில்லை. முதல் ஐந்துக்கு ஒன்றும் இல்லை. ஆறாவதாக நானூற்றுப் பதினேழைப் போட்டேன்.

ஒன்று வந்தது. தை மாதத்தில் வந்தது. அதே 'அன்புள்ள விண்ணப்பதாரரே'. அதே வார்டு உதவியாளர். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. வராதவர்களின் இடம் அடுத்தவருக்கு.

நான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். ஸ்லிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழு எண்ணையும் விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தேன். தப்பு இல்லை. அந்த மெயிலுக்கு மேலும் கீழும் நான் எழுதிய பொங்கல் சலுகைகள் இருந்தன. பல் கிளினிக்குக்கு நான் எழுதிய கரும்பு பற்றிய வரி கூட இருந்தது, அப்போது அதைப் பெரிய நகைச்சுவை என்று நினைத்து ஒரு மணி நேரம் செலவழித்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில்தான் இது வந்திருக்கிறது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டேன். தை மாதத்து ஆட்கள் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, அது முடிந்த கதை, புதிதாக எடுக்கும்போது மறுபடி போடச் சொல்லுங்கள் என்றாள் போன் எடுத்த பெண். நாற்பது வயதுக்கு மேல் எடுப்பார்களா என்று கேட்டேன். மாட்டார்கள். அந்த அக்காவின் ஸ்லிப்பில் பிறந்த தேதி இருந்தது. சித்திரையோடு நாற்பது முடிந்திருந்தது.

சொல்வதா வேண்டாமா? பதினோரு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் என்ன ஆகப்போகிறது, ஒரு வருத்தம் கூடும், அவ்வளவுதான். சொல்லாவிட்டால், வந்தால் சொல்வாள் என்று அவர் என்னை நம்பிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் காலையில் சொல்லிவிட வேண்டும் என்று எழுவேன், மத்தியானத்துக்குள் சொல்லாமல் விடுவதே இரக்கம் என்று ஆகிவிடும், சாயங்காலம் அது இரக்கமில்லை பயம் என்று தெரியும். புடவைக் கடைக்கு ஆடிக் கடைசிச் சலுகை எழுதும்போது 'இனி இந்த வாய்ப்பு கிடைக்காது' என்று தட்டிவிட்டு, அந்த வரியை அழித்தேன். வேறு வரி கிடைக்காமல் மறுபடி அதையே போட்டேன். நடுவில் அந்தக் கைக்குழந்தைக்காரிக்கு வேலை உறுதியாகிவிட்டது. அக்காவும் அவளுமாக இனிப்பு வாங்கி வந்து கேட்டருகே நின்று கொடுத்துவிட்டுப் போனார்கள். "நீ இல்லனா இது நடந்திருக்குமா பாப்பா" என்று அக்கா சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அந்தத் தை மாத மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். பதினொரு மணி வெயில். களம் முழுக்க அவித்த நெல் பரப்பியிருந்தது. அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காலால் நெல்லைக் கிளறியபடி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார். முகத்தில் எதிர்பார்ப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

காகிதத்தைக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். படித்துவிட்டுத் தன் பெயரைத் தேடினார்.

"இதுல என் பேரே இல்லியே."

நம்பர் இருக்கிறது என்று காட்டினேன். அதைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பெட்டியை, அந்த வரியை, என் கண்ணில் படாமல் போனதை. அவருக்குப் பாதி புரிந்திருக்காது. புரிய வேண்டியது புரிந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

"தை மாசம் டெய்லி உன் வூட்டு வழியாத்தானே மில்லுக்கு வந்துக்கினு இருந்தேன்" என்றார்.

மில்லுக்குள்ளிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கோபமே இல்லாமல், உண்மையிலேயே தெரியாமல் கேட்பவரைப் போலக் கேட்டார்.

"நீ சொல்லிட்ட, உன் பாரம் எறங்கிச்சி. நான் இத்த எங்க கொண்டும்போய் எறக்கறது பாப்பா?"

நெல் ஒரு பக்கமே காய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு, களத்துக்குள் இறங்கி, விட்ட இடத்திலிருந்து நடக்க ஆரம்பித்தார்.